வாய் நனைப்பது சாப்பாடில்லை

வேண்டா மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். பன்றிக்குட்டியைக் கையில் தூக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். அவள் வேலை பார்த்த கம்பெனியில் முதல் வகையில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒன்று அவள். இன்னொன்று பக்கத்து அறையைப் பார்த்துக்கொண்ட ஜெபகுமார். மற்ற முப்பத்தெட்டுப் பேரும், ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் டாக்டர் கோபாலகிருஷ்ணன் உட்பட, பன்றிக்குட்டியைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்கினார்கள்.

டாக்டர் ஒரே ஒருமுறை குட்டிகள் இருக்கும் அறைக்குள் வந்திருக்கிறார். வாசம் மூக்கில் ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, காரிடாரில் வைத்திருந்த பூந்தொட்டியில் வாந்தியெடுத்தார். தொட்டியைக் கழுவியவள் வேண்டா. அதற்கு மறுவாரம் அவர் வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால் நின்று, என் விலங்குகள், என் விலங்குகள் என்று முக்கால் மணி நேரம் பேசியதை அவள் கதவோரம் நின்று கேட்டாள். அன்றைக்கே அந்த மனிதர் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், மனை விற்கிறவர்கள் நட்ட கொடிகள் வரிசையாகப் படபடக்கும் பொட்டலுக்கு நடுவே, முகப்பு முழுக்கக் கண்ணாடி ஒட்டிய இரண்டு மாடிக் கட்டடம் அது. ஆஸ்பத்திரிகளுக்கு டிரிப்ஸ் பாட்டில் செய்து விற்கிற கம்பெனியின் ஆராய்ச்சிக் கிளை. குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகள் சிலவற்றுக்குப் பால் குடிக்கத் தெம்பு இருக்காது. சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் கலந்த ஒரு தண்ணீரை ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றி அவற்றைக் காப்பாற்றுவார்கள். குழந்தை பிழைக்கும், எடைகூட ஏறும். ஆனால் வேலை இல்லாமல் கிடக்கிற குடலின் உள்தோல் நாளுக்கு நாள் மெலிந்துபோகும். பிறகு பால் கொடுத்தால் தாங்காது. மெலியவிடாத ஒரு புதுத் தண்ணீரைக் கண்டுபிடிப்பதாக டாக்டர் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பன்றிக்குட்டியின் குடல் ஏறக்குறையக் குழந்தையின் குடலைப் போல என்பதால் சோதனையெல்லாம் பன்றிக்குட்டிகள் மேல்தான்.

வேண்டா திருப்போரூருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் நாலாவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தகவல் சொல்ல அந்தப் பக்கத்தில் வைக்கிற பெயர்தான் அவளுக்கு வைத்தது. சாமியும் தகவலைக் கேட்டு அடுத்தபடியாகக் கோதண்டராமனைக் கொடுத்தது. நாற்பது வருஷம் கழித்தும், சாமி அவசரப்பட்டுவிட்டதோ என்று வேண்டாவுக்குச் சந்தேகம் இருந்தது. நெல்லூருக்கு லோடு ஏற்றிப் போன அவள் புருஷன் அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டபோது, தம்பி அக்காவுக்குப் புறக்கடையில் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் அறை கொடுத்தான். பதினொரு வருஷம் அதில் இருந்தாள். இருந்த நிலத்தை விற்று, மற்றவர்கள் நிலத்தையும் விற்றுக்கொடுக்கும் தரகனாகி, வெள்ளைச் சட்டையும் கூலிங்கிளாசுமாகத் திரிந்த தம்பிக்கு அக்கா பன்றி மேய்ப்பது பெரிய அவமானம்.

"இன்னாக்கா, பன்னி கழுவுறேன்னு யார்ட்டயும் வாயத் தொறக்காத. சம்மந்தி வூட்டு காதுல வுழுந்தா பேஜாரு. மருந்து கம்பெனில சூப்பர்வைசருன்னு சொல்லி வச்சிகிறேன்," என்றான்.

"சொல்லிக்கோ. நீ விக்கிற ஏரியக்கூட மனைன்னுதான சொல்லிகினு கீற," என்றாள் அவள்.

வேலை நிரந்தரமானதும் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கதவு வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குக் கிடைத்தது. வேலை போனால் கதவும் போகும், மறுபடி மாட்டுக்கொட்டகைதான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

கடப்பாக்கம் பக்கம் ஸ்டான்லி என்பவரின் பண்ணையிலிருந்து குட்டிகள் வரும். தாயின் மடியில் வாய் வைக்கும் முன்பே, தொப்புள்கொடியின் ஈரம் காயாமல், துணி விரித்த கூடையில் கொண்டுவருவார்கள். கால்நடை டாக்டர் வந்து கழுத்து ரத்தக்குழாயில் ஊசிக்குழலைப் பொருத்தித் தைப்பார். அது பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கத் துணியில் ஒரு சட்டை. மேலேயிருந்து இறங்கும் குழாய் வழியாக எட்டு நாள் இரவும் பகலும் தண்ணீர் ஏறும். எட்டாம் நாள் மயக்க ஊசி போட்டு முடித்துவிட்டு, குடலை எடுத்து நீளவாக்கில் கத்தரித்து அட்டையில் விரிப்பார்கள். அலசிக் கொடுப்பது வேண்டாவின் வேலை.

பால் குடித்து வளர்ந்த குட்டியின் குடல் உள்ளே டர்க்கி டவல் மாதிரி இருக்கும். விரலால் தடவினால் பொசுபொசுவென்று எதிர்த்துத் தள்ளும். தண்ணீரிலேயே வளர்ந்த குட்டி வெளியில் பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். அதன் குடல் வெளுத்து வெளுத்து நூல் தெரிகிற வேட்டி. ஒருமுறை அப்படிப்பட்ட ஒன்றை ஒன்பதாம் நாளும் வைத்திருந்து பால் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு உப்பி, சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. வேண்டா அதை மறக்கவில்லை.

"உள்ள குட்டிக் குட்டி விரல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும்க்கா. அதுதான் சத்தை உறிஞ்சும். வேலை குடுக்கலேன்னா சுருங்கிடும்," என்று சஹானா ஒருநாள் விளக்கினாள். நாவலூர் அடுக்குமாடியிலிருந்து கம்பெனி வேனில் வந்துபோகும் இளம் ஆராய்ச்சியாளர். நல்ல பெண்தான். கைக்குட்டையில் வாசனைத் தைலம் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

"வேல இல்லாட்டி சுருங்குமா? எந்தம்பிக்கு வயிறு பெருத்துகினேதான கீது," என்றாள் வேண்டா.

புதுத் தண்ணீர் தயாரானபோது டாக்டர் ஒரு காரியம் செய்தார். பழைய தண்ணீர் ஏறுகிற குட்டிகளையும் பால் குடிக்கிற குட்டிகளையும் ஜெபகுமாரின் ஒன்றாம் அறையில் விட்டார். புதுத் தண்ணீர்க் குட்டிகளை மட்டும் வேண்டாவின் இரண்டாம் அறைக்கு அனுப்பினார். அவள் கையில் குட்டிகள் நன்றாகப் பிழைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெயிக்க வைக்க வேண்டியதை நல்ல கையில் கொடுத்துவிட்டு, ஜெயித்தது தண்ணீர் என்று சொல்லப்போகிற மனிதர் அவர். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட இதைச் செய்தால் பிள்ளைகள் கத்தியிருக்கும். இங்கே கத்த ஆளில்லை, எல்லோரும் படித்தவர்கள்.

அந்த முதல் கூட்டத்தில் ஆறு குட்டிகள். அவற்றுக்குப் பசி இருந்திருக்காது, ரத்தத்தில்தான் எல்லாம் போய்க்கொண்டிருக்கிறதே. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. ஆறும் சேர்ந்து வெறும் காற்றைச் சப்பிக்கொண்டே இருந்தன. கம்பியைச் சப்பின, ஒன்றன் காதை இன்னொன்று சப்பாதபடி தனித்தனியாகக் கட்டியிருந்ததால் தன் சட்டை நுனியைச் சப்பின. சப், சப், சப் என்று எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாவின் வீட்டில் பிறந்த எந்த உயிருக்கும், பிள்ளையோ கன்றோ, முதலில் நாலு சொட்டு பால் தொட்டு வாயை நனைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. நாலாவது பெண்ணை வேண்டாம் என்று சொன்னவர்கள்கூட அவள் வாயை நனைத்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

சுவரில் பலகை மாட்டியிருந்தது. வாய் வழியாக எதுவும் தரக்கூடாது. தமிழிலும் எழுதியிருந்தது, அவள் தினமும் படித்தாள். ஒன்றாம் அறையில் பால்குட்டிகளுக்கு வந்த தாய்ப்பன்றியின் பால் தினமும் மிஞ்சி, ஜெபகுமார் அதைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுவார். இரண்டாம் நாள் அந்தப் பாலில் விரலை நனைத்து ஒரு குட்டியின் வாயில் வைத்தாள். அது விரலைப் பிடித்த பிடியில் தோள் வரைக்கும் இழுத்தது.

இதில் அவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. வாய் வழியாகத் தருவது என்றால் சாப்பாடு தருவது. வாய் நனைப்பது சாப்பாடில்லை. மாதாமாதம் கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பவள் அவள். காலையில் ஒரு காபி, பதினோரு மணிக்கு ஒரு காபி, நாலு மணிக்கு ஒரு டீ. அதனால் விரதம் கெட்டதென்று திருப்போரூர் முருகன் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. முருகனுக்கே ஆட்சேபணை இல்லாதபோது கோபாலகிருஷ்ணனுக்கு என்ன?

விரல் ஸ்பூனாகியது. ஸ்பூனில் சிந்துகிறதென்று குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற எவர்சில்வர் பாலாடை ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். குட்டி ஒன்றுக்கு நாளைக்கு ஐந்து பாலாடை. அப்போதும் அவள் மனசில் அது வாய் நனைப்புதான்.

கண்டுபிடிக்க வேண்டியவள் சஹானா. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்து, வாய் வழியாக எதுவும் போகவில்லை என்று தாளில் டிக் போட வேண்டும். ஒரு வாரத்து டிக்கையும் திங்கட்கிழமை காலையிலேயே மொத்தமாகப் போட்டுவிட்டு ஏசி அறைக்குப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு வரைக்கும் அந்தக் குட்டிகள் எதுவும் சாப்பிடாது என்பது திங்கட்கிழமை ஒன்பதரைக்கே அவளுக்குத் தெரிந்துவிடும்.

எட்டாம் நாள் ஆறு குடலும் டர்க்கி டவல்.

கம்பெனியே கூத்தாடியது. பெரிய முதலாளி பூங்கொத்து அனுப்பினார். டாக்டர் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். வேண்டாவுக்கும் ஒரு துண்டு வந்தது, "இந்தாம்மா, நீயும் எடுத்துக்கோ" என்று. தண்ணீர் நிஜமாகவே நல்லதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவளும் தின்றாள். அவளையும் இந்த இடத்தில் சும்மா விட முடியாது. குடலை விரலால் தடவத் தெரிந்தவளுக்கு, தன் இடுப்பில் இருந்த பாலாடை ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்தது அடுத்த கூட்டத்தில். கோதண்டராமன் மகள் கல்யாணத்துக்காக அவள் எட்டு நாள் லீவு போட்டாள். சூப்பர்வைசர் அக்காவைச் சம்மந்திகளுக்குக் காட்ட வேண்டுமாம். இரண்டாம் அறையையும் ஜெபகுமார் பார்த்துக்கொண்டார். அவர் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்கிறவர், வேறெதையும் செய்யாதவர். அவள் திரும்பி வந்தபோது நாலு குடல்கள் அட்டையில் கிடந்தன. நாலும் வேட்டி.

டாக்டர் நின்ற இடத்திலேயே காரணம் கண்டுபிடித்தார். ஜெபகுமார் கையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார், குழாயில் கிருமி ஏறியிருக்கும். இந்த நாலும் கணக்கில் சேராது, அடித்துவிடு. கிருமி இருந்ததா என்று ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்துப் பார்க்கவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை சர்ச்சுக்குப் போகிற ஜெபகுமார், நாளைக்கு முப்பது தடவை கை கழுவுகிறவர், தலை குனிந்து நின்றார். வேண்டா அந்தக் குடல்களைப் பார்த்தாள். பிறகு இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாவது கூட்டத்தில் ஒரே தாய் போட்ட நாலு குட்டிகள் வந்தன. காதில் மை வைத்து அடையாளம். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். டாக்டருக்கு ஐந்து வருஷம் தோன்றாத ஒன்று வேண்டாவுக்குத் தோன்றியது. சிவப்புக்கும் பச்சைக்கும் பாலாடை கொடுத்தாள். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் கொடுக்கவில்லை. மற்றபடி அதே தண்ணீர், அதே அறை, அதே கை. கொடுக்கும்போது மற்ற இரண்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் நடுவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள்.

எட்டாம் நாள் சிவப்பும் பச்சையும் டவல். நீலமும் மஞ்சளும் வேட்டி.

டாக்டர் நீலத்தையும் மஞ்சளையும் கணக்கிலிருந்து அடித்துவிடச் சொன்னார். சவலைக் குட்டிகளாம். இருந்தவற்றில் அந்த இரண்டும்தான் எடை அதிகம். சிவப்பின் குடலும் பச்சையின் குடலும் கண்ணாடி ஜாடியில் மருந்துத் தண்ணீரில் மிதந்து காட்சிக்குப் போயின. மற்ற இரண்டு ஜாடிகளை எரிப்பதற்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள். வேண்டா அவற்றைத் துடைப்பங்கள் இருக்கும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அந்த அலமாரியை அவளைத் தவிர யாரும் திறந்ததில்லை.

முதலில் சஹானாவிடம்தான் சொன்னாள். மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, ஆரம்பத்திலிருந்து சொன்னாள். சஹானா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அக்கா, ப்ளீஸ். டிக் எல்லாம் நான் போட்டது. என் பேர்ல ஆராய்ச்சிப் பேப்பர் வரப்போகுது. நீங்க இத யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"அந்தத் தண்ணி இன்னாம்மா ஆவும்?"

"அடுத்த மாசம் செங்கல்பட்டுல ஒரு ஆஸ்பத்திரில ஆரம்பிக்கறாங்க. பன்னண்டு குழந்தைங்க. பதினாலு நாள் இத மட்டும் ஏத்திப் பாப்பாங்க. ஒரு சொட்டு பால்கூடக் குடுக்க மாட்டாங்க, அதுதான் கண்டிஷன்."

வேண்டாவுக்கு ஒன்பதாம் நாள் வயிறு உப்பிய குட்டி ஞாபகம் வந்தது. சஹானாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. தன் பெயருக்காக வந்த தண்ணீர் அது, பன்னிரண்டு குழந்தைகளுக்காக வந்ததில்லை. வேண்டா அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரிடம் சொல்ல அவளுக்கு நாலு நாள் ஆனது. பெட்டியைக் கட்டிக்கொண்டு புறக்கடைக்குத் திரும்பிப் போவதை நாலு நாளும் நினைத்துப் பார்த்தாள். தம்பி பேசப்போவதையெல்லாம் தானே பேசிப் பார்த்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் அவர் அறைக்குள் போய், செருப்பில்லாமல் கம்பளத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவார், செக்யூரிட்டியைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. எத்தனை பாலாடை?"

நாலு வருஷத்தில் முதல்முறையாக அவர் அவளை 'ங்க' போட்டுப் பேசினார்.

"அஞ்சு சார்."

"ஒரு நாளைக்கா? முதல் ஆறுக்கும்?"

"ஆமா சார்."

அவர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அது வேண்டாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் மரியாதைகூட வந்தது. மனிதருக்குத் தொழில் தெரியும், நம் பேச்சையும் காதில் வாங்குகிறார் என்று நினைத்தாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"சஹானாம்மாவுக்கு."

"சரி. அடுத்த கூட்டத்துல நாலுக்கும் கொடுத்துடுங்க. ஒண்ணையும் விட்டுடாதீங்க. லீவும் போடாதீங்க."

அவளுக்குப் புரியவில்லை. "அப்ப பாப்பாங்களுக்கும் பால் குடுக்கச் சொல்லுவீங்களா சார்?"

"அது வேற விஷயம்மா," என்று அவர் பொறுமையாக விளக்கினார். "பால் இல்லாமலே குடல் நல்லா இருக்கும்னுதானே நாம விக்கிறோம். கூடப் பால் குடுக்கணும்னா பழைய தண்ணியே போதுமே. நம்ம பாட்டிலை யார் வாங்குவா?" பிறகு, அவளை சீனியர் டெக்னீஷியன் ஆக்கப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் டாக்டர்கள் கூட்டத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகவும் சொன்னார். கீழ்மட்டத்தில் உழைப்பவர்களைக் கௌரவிப்பது தன் கொள்கை என்றார்.

வெளியே வந்து வேண்டா வாயைக் கொப்புளித்தாள். பன்றிக் கொட்டடியில் பத்து வருஷம் இருந்தாலும் அடிக்காத ஒரு நாற்றம் அந்த ஏசி அறையில் அடித்தது. தெரியாமல் பொய் சொல்கிறவனை அறியாதவன் என்று விட்டுவிடலாம். உண்மையை நாற்காலி போட்டுக் கேட்டுவிட்டு, அதைப் பொய்க்குத் துணையாக வேலைக்கு வைத்துக்கொள்கிற மனிதரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. நிலம் விற்கிற தம்பி இவருக்கு முன்னால் பச்சைக் குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் ரிசார்ட்டில் கடலைப் பார்த்த பெரிய ஹால். கடலைப் பார்க்க முடியாதபடி திரையை இழுத்துவிட்டு, சுவரில் குடல் படம் காட்டினார்கள். நூறு டாக்டர்கள் இருந்தார்கள். பாதிப் பேரின் கண் பின்பக்கம் அடுக்கிக்கொண்டிருந்த பிரியாணிப் பாத்திரங்கள் மேல் இருந்தது. காட்சி மேஜையில் ஜாடிகளை வைப்பது வேண்டாவின் பொறுப்பு. அவள் சிவப்பையும் பச்சையையும் எடுத்து வைத்தாள். துணிப்பையில் இருந்த மற்ற இரண்டையும் மேஜைக்கு அடியில், தன் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கோபாலகிருஷ்ணன் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். நாற்பது நிமிஷம் பேசினார். என் விலங்குகள் என்ற வார்த்தையை வேண்டா எண்ணினாள், பதினேழு தடவை. முடிவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சரிகைப் பொன்னாடை போர்த்தி, "இந்த அம்மா எங்க குடும்பத்துல ஒருத்தர்," என்றார். கைதட்டினார்கள். குடும்பத்தில் ஒருத்தியாக இருப்பதில் வேண்டாவுக்கு நல்ல அனுபவம் உண்டு, அவள் சிரிக்கவில்லை.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். கசங்கிய காட்டன் புடவை, காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு. டாக்டர் ஷபானா, சோதனை நடக்கப்போகிற செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டைப் பார்ப்பவர். டூட்டி முடித்து நேராக வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஒரே ஒரு கேள்வி. இந்தக் குட்டிங்களுக்கு வாய் வழியா எதுவுமே போகலையா? எங்க வார்டுல ரெண்டு சொட்டு தாய்ப்பால் விட்டாலே குடல் வித்தியாசமா இருக்கறத நாங்க பாக்கறோம். அதனால கேக்கறேன்."

"ஒரு சொட்டுகூட இல்ல மேடம். மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவு இருக்கு," என்றார் கோபாலகிருஷ்ணன்.

வேண்டா இன்னும் மேடையிலிருந்து இறங்கவில்லை. பொன்னாடை கழுத்தை அரித்தது. நாலு நாள் மனசுக்குள் ஓடிய பெட்டியும் புறக்கடையும் தாழ்ப்பாளும் ஒருமுறை வந்துபோயின.

"நான் குடுத்தேம்மா," என்றாள்.

மைக் இல்லாமலேயே ஹால் முழுக்கக் கேட்டது. கோபாலகிருஷ்ணன் சிரித்தார். "இவங்களுக்கு மனசு ரொம்ப இளகினது. படிக்காதவங்க, ஏதோ..." என்று ஆரம்பித்தார். வேண்டா அவர் முடிக்கும்வரை நிற்கவில்லை. கீழே இறங்கி, இடுப்பிலிருந்து பாலாடையை எடுத்து மேஜையில் வைத்தாள். துணிப்பையிலிருந்து இரண்டு ஜாடிகளை எடுத்து மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தாள். சஹானா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஷபானா வந்து ஒவ்வொரு ஜாடியாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அவர் தூக்கிய விதம் வேண்டாவுக்குப் பிடித்திருந்தது. பன்றிக்குட்டியையும் தூக்கத் தெரிந்த கை.

"நாலும் ஒரே தண்ணியா?"

"ஒரே தண்ணிதாம்மா. ஒரே தாயி போட்டது. ஒரே ரூமு. இந்த ரெண்டுக்கு நாளைக்கு அஞ்சு பாலாட குடுத்தேன். எல்லாம் அந்தப் பாலாலதான் வந்துச்சி. தண்ணியில ஒண்ணியும் இல்ல."

கோபாலகிருஷ்ணன் மேடையை விட்டு இறங்கி, யாரிடமிருந்தோ போன் வந்ததுபோல் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு பின்கதவைப் பார்த்து நடந்தார். அந்த நடையிலும் ஒரு கம்பீரம் வைத்திருந்தார். பிரியாணிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது திரும்பி ஜாடிகளைப் பார்த்தார்கள்.

"எங்க வார்டுல எந்தக் குழந்தைக்கும் இது ஏறாது," என்று ஷபானா பொதுவாகச் சொன்னார். பிறகு மற்ற இரண்டு ஜாடிகளையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இந்த ரெண்டுக்கும்?"

"குடுக்கல."

"பால் பத்தலையா?"

"பாலு மிஞ்சிச்சி. கொட்டுனாங்க."

"மறந்துட்டீங்களா?"

வேண்டா ஜாடியைப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோது நீலத்துக்கு மூக்கின் மேல் ஒரு கருப்புப் புள்ளி இருந்தது. சாக்குக்கு அந்தப் பக்கம் பாலாடைச் சத்தம் கேட்டால் அது கழுத்தை நீட்டும். "இல்லம்மா. தெரிஞ்சிதான் குடுக்கல. எட்டு நாளும் சப்பிகினே கெடந்துச்சிங்க. நான் பக்கத்துலயேதான் குந்திகினு இருந்தேன்."

ஷபானா அவள் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டுப் போனார். வேண்டாவுக்கு அந்தக் கை பாரமாக இருந்தது.

மறுநாள் கேட்டிலேயே செக்யூரிட்டி அவளை நிறுத்தினான். மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துகொண்டு, பெட்டியோடு புறக்கடைக்குப் போனாள். "டாக்டருங்க எதிர்ல போயி வாயத் தொறப்பியா? உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல? சம்மந்தி வூட்ல இப்ப இன்னான்னு சொல்றது?" என்று கோதண்டராமன் மூன்று நாள் திட்டினான். விதியை மீறினாள் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தன் பேப்பரைக் கெடுத்துவிட்டதாகச் சஹானா போனில் அழுதாள். வேண்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இவர்கள் யாரிடமும் திட்டு வாங்கும் அளவுக்கு எதுவும் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

நீலத்தையும் மஞ்சளையும் பற்றி மட்டும் அவளை யாரும் திட்டவில்லை. அவளைத் திட்ட வேண்டியது அதற்குத்தான்.